பரிசு இல்லை, பணம் இல்லை... 200 கி.மீ. சைக்கிள் மிதிப்பது ஏன்? சாதாரண சைக்கிளிலும் முடியுமா?

விஸ்வநத்தம்:

மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனால் சில நேரம் ஒரு காட்சியை பார்க்கலாம். தலையில் ஹெல்மெட், மேலே பளபளக்கும் ஜாக்கெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு என்று வரிசையாக சைக்கிளில் போவார்கள். "கார், பைக் வைச்சிருக்கிறவங்க எதுக்குப்பா இப்படி வேர்க்க விறுவிறுக்க மிதிக்கிறாங்க?" என்று டீக்கடையில் கேட்பவர்களும் உண்டு.

சிவகாசியை ஒட்டி இருக்கும் விஸ்வநத்தம் பகுதிக்கு சைக்கிள் ஒன்றும் புதிது அல்ல. ஹேண்டில்பாரில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு பட்டாசு ஆலைக்கும், தீப்பெட்டி ஆலைக்கும், அச்சகத்துக்கும் மிதித்தே போய் வந்தவர்கள் ஏராளம். அந்த சைக்கிள்தான் இப்போது நாடு முழுவதும் பொழுதுபோக்காகவும் மாறி இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

பிரெவே என்றால் என்ன?

நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கு பிரெவே என்று பெயர். இது பிரெஞ்சு சொல். சான்றிதழ் என்று அர்த்தம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா என்ற அமைப்பின் கீழ் பல ஊர்களில் உள்ள குழுக்கள் இதை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் சென்னையில் உள்ள மெட்ராஸ் ராண்டனர்ஸ் குழு தெரிந்த பெயர்.

இது போட்டி கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் சேர்ந்தால் எல்லோரும் ஜெயித்தவர்கள்தான். 200 கி.மீ. தூரத்துக்கு 13½ மணி நேரம், 300 கி.மீ.க்கு 20 மணி நேரம், 400 கி.மீ.க்கு 27 மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் கெடு. இந்த நான்கையும் ஒரே சீசனில் முடித்தவருக்கு சூப்பர் ராண்டனர் என்ற பட்டம் கிடைக்கும்.

வழியில் சாப்பிடலாம், உட்காரலாம், கண் அசரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. பஞ்சர் ஆனால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னாலேயே கார் வைத்து உதவிக்கு ஆள் வரக்கூடாது. குறிப்பிட்ட இடங்களில் வந்து போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

கணக்கு போட்டு பார்த்தால்...

200 கி.மீ. என்றதும் தலை சுற்றும். சிவகாசியில் இருந்து மதுரைக்கு போய் திரும்பி, அதன்பிறகு மறுபடியும் விருதுநகர் போய் வந்தால் ஏறக்குறைய அந்த தூரம் வரும். ஆனால் 13½ மணி நேரம் என்று கணக்கு போட்டால், மணிக்கு 15 கி.மீ. வேகம் போதும். நடுவில் ஒன்றரை மணி நேரம் ஓய்வு எடுத்தாலும், மற்ற நேரத்தில் மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் மிதித்தால் முடித்து விடலாம்.

இந்த வேகம் சாதாரண சைக்கிளுக்கும் எட்டாதது அல்ல. வேலைக்கு 8 கி.மீ. போய் 8 கி.மீ. வருகிற ஒரு தொழிலாளி, 6 நாளில் 96 கி.மீ. மிதித்து விடுகிறார். அவர் அதை உடற்பயிற்சி என்று சொல்வது இல்லை, அவ்வளவுதான். ஒரே நாளில் 200 கி.மீ. என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அதற்கு தேவை அசுர வேகம் அல்ல, நிதானம். பிரெவேயில் கியர் இல்லாத சைக்கிளுக்கும் தடை கிடையாது.

பாரீஸ் வரை போகலாம்

இந்த வகை பயணத்தில் பெரியது பிரான்ஸ் நாட்டில் நடக்கும் பாரீஸ் - பிரெஸ்ட் - பாரீஸ். 1891-ம் ஆண்டு பந்தயமாக தொடங்கியது. இப்போது 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை, பந்தயமாக இல்லாமல் நடக்கிறது. சுமார் 1,200 கி.மீ. தூரத்தை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2019, 2023-ம் ஆண்டுகளில் இந்தியாவில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். அதற்கு தகுதி பெற முதலில் 200, 300, 400, 600 கி.மீ. பயணங்களை முடித்து இருக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டு பக்கம் பிரபலமானது டூர் ஆப் நீலகிரிஸ். 2008-ம் ஆண்டு தொடங்கியது. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மலைப்பாதைகளில் பல நாட்கள் நடக்கும் பயணம் இது. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கார் என்ஜினே மூச்சு வாங்கும் அந்த ஏற்றத்தில் சைக்கிளை மிதிப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

மலை சைக்கிள் பிறந்த கதை

தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சர்பர் வைத்த மலை சைக்கிள்களை பார்த்தால் பணக்கார விளையாட்டு போல தெரியும். ஆனால் அது பிறந்தது பழைய இரும்புக்கடை சரக்கில்.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் மரின் பகுதியில் சில வாலிபர்கள், ஓரம் கட்டிய பழைய தடி டயர் சைக்கிள்களை தேடிப்பிடித்து மலை மேலே கொண்டு போனார்கள். மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். அந்த சைக்கிள்களில் பெடலை பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேருவதற்குள் பின் சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்துவிட்டது. 1976-ல் அங்கு பந்தயம் தொடங்கியது. கம்பெனிகள் அதன் பிறகுதான் வந்தன.

நம்ம ஊர் மலையில் ஓட்டலாமா?

சிவகாசிக்கு பக்கத்தில் மலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கு தொடர்ச்சி மலைதான். ஆனால் அது சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் சைக்கிளை விட்டால் வழக்கு வரும். யானை வந்தாலும் வரும்.

மண் பாதையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு கண்மாய் கரையும், கரிசல் காட்டு வண்டிப்பாதையும் போதும். ஆனால் மழை பெய்த மறுநாள் கரிசல் மண்ணில் இறங்கினால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பட்டாசு ஆலை வளாகத்துக்குள் குறுக்கு வழி என்று நுழையவே கூடாது. தீப்பெட்டி, லைட்டர், செல்போன் கொண்டு போக அங்கு தடை உள்ளது.

தொடங்குவது எப்படி?

புது சைக்கிள் வாங்க ஓட வேண்டாம். வீட்டில் நிற்பதை சரி செய்தாலே போதும்.

* சீட் உயரம்: சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கி இருந்தால் சீட் தாழ்வு. முட்டி வலிக்கு இதுவே முக்கிய காரணம்.

* காற்று: டயரில் காற்று குறைந்தால் பாதி பலம் வீண். மாதம் ஒரு முறை செயினை துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

* தூரம்: முதல் வாரம் 10 கி.மீ., அடுத்து 20 கி.மீ. என்று கூட்டவும். திருத்தங்கல் போய் வருவது நல்ல தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தால் சுமார் 40 கி.மீ.

* வெயில்: நம்ம ஊர் வெயிலில் 9 மணிக்கு மேல் வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கு கிளம்பவும். உப்பு போட்ட நீராகாரம், மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய் போதும்.

* காற்றின் திசை: ஆடி மாதம் மேற்கே போனால் எதிர்காற்று. அதனால் போகும்போது எதிர்காற்றில் மிதித்து, திரும்பும்போது காற்று தள்ளும்படி கிளம்ப வேண்டும்.

இருதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரை கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

மாணவர்களுக்கு போட்டி

அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி பிளஸ்-1 மாணவ-மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. 2001-ம் ஆண்டு தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மாணவிகளுக்காக தொடங்கிய இந்த திட்டம், 2005-ம் ஆண்டு எல்லோருக்கும் விரிவானது. அந்த சைக்கிளை பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்று இல்லை.

அண்ணா பிறந்தநாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவர்களுக்கு 15 முதல் 20 கி.மீ., மாணவிகளுக்கு 10 முதல் 15 கி.மீ. தூரம். இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் சைக்கிள்தான் கொண்டு வர வேண்டும் என்பது விதி. விலை உயர்ந்த சைக்கிள் இல்லையே என்று பிள்ளைகள் ஏங்க வேண்டியது இல்லை. வயது சான்றிதழுடன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

விளக்கு முக்கியம்!

பிரெவேயில் ஹெல்மெட் போடாதவரை ஓட்ட விடுவது இல்லை. இரவில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம். இவ்வளவும் பொழுதுபோக்குக்கு மிதிப்பவர்களுக்கு.

வேலை முடிந்து இருட்டிய பிறகு லாரிகள் போகும் ரோட்டில் வீடு திரும்பும் தொழிலாளியின் சைக்கிளில் பல நேரம் ஒரு ரிப்ளெக்டர்கூட இருப்பது இல்லை. லாரி டிரைவர் கண்ணுக்கு அது தெரிவது கடைசி நொடியில்தான். பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர், பேட்டரியில் எரியும் ஒரு சின்ன விளக்கு, இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. சைக்கிள் பிரியர்களிடம் இருந்து முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த பழக்கத்தைத்தான். 200 கி.மீ. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.