டிராம் வண்டியும் தெருவிளக்கும்

“சின்ன வயதில் நான் டிராமில் போயிருக்கிறேன்” என்று ஒரு தாத்தா தம் பேத்தியிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1945ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் டிராம் வண்டிகள் ஓடாமல் நின்றதோ 1927ஆம் ஆண்டு. அவர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோன வண்டியில் அவர் எப்படி ஏறியிருக்க முடியும்?

தாத்தா பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால், ஒருவர் ஏறிப் பயணம் செய்த வண்டி அவ்வளவு சுலபமாக நினைவிலிருந்து மாறிவிடாது. அவர் எதில் போனார், எங்கே போனார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் டிராமின் கதை தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதையைத் தேடிச் சென்றால், நகரத்தின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்த கதையும் கூடவே கிடைக்கிறது.

சிங்கப்பூரில் முதலில் ஓடிய டிராம் மின்சாரத்தால் ஓடவில்லை. 1886ஆம் ஆண்டில் வந்தது நீராவி டிராம். சாலையில் பதித்த தண்டவாளத்தின்மேல், சிறிய நீராவி இயந்திரம் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் இடையே சரக்கும் ஆட்களும் போய்வர அது உதவும் என்று அதை நடத்தியவர்கள் நம்பினார்கள். ஆனால், அதற்கு முன்பே, 1880ஆம் ஆண்டில், ஷாங்காயிலிருந்து ரிக்‌ஷா வந்துவிட்டது. ரிக்‌ஷாவுக்குத் தண்டவாளம் தேவையில்லை. கூப்பிட்ட இடத்தில் நிற்கும், வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும், கூலியும் குறைவு. நீராவி டிராமால் அதனோடு போட்டி போட முடியவில்லை. 1894ஆம் ஆண்டில் அது நின்றுபோனது.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1905ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கேலாங், கெப்பல் துறைமுகம், ரோச்சோர் எனப் பல பக்கங்களுக்கும் தண்டவாளங்கள் நீண்டன. ஒரு பாதை சிராங்கூன் சாலை வழியாகவே சென்றது. இன்று தீபாவளி அலங்கார விளக்குகள் தொங்கும் அந்தச் சாலையின் மேலே, அன்று டிராமுக்கான மின்கம்பி தொங்கியது.

இந்த வண்டி ஓடும் முறை எளிமையானது. சாலைக்கு மேலே ஒரே ஒரு கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வண்டியின் கூரையிலிருந்து ஒரு நீண்ட தண்டு எழுந்து அந்தக் கம்பியைத் தொடும். கம்பியில் வரும் மின்சாரம் தண்டின் வழியாக இறங்கி, வண்டியின் மோட்டாரைச் சுழற்றும். மின்சாரம் ஓட வேண்டுமானால் அதற்குத் திரும்பிப்போகவும் ஒரு வழி வேண்டும். டிராமின் சக்கரங்கள் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. ஆகவே மோட்டாரிலிருந்து வெளியேறும் மின்சாரம் சக்கரத்தின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, மின் நிலையத்துக்குத் திரும்பிவிடும். மேலே ஒரு கம்பி மட்டுமே இருந்தால் போதும் என்பதற்கு இதுதான் காரணம். அந்த ஒற்றைக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தாத்தாவின் புதிரை அவிழ்க்க அது பின்னால் உதவும்.

டிராமுக்கு வேண்டிய மின்சாரம் மெக்கன்சி சாலையிலிருந்து வந்தது. தேக்காவுக்கு அருகில் இருக்கும் அதே மெக்கன்சி சாலைதான். டிராம் நிறுவனத்தின் மின் நிலையம் அங்கே இருந்தது. இன்று அந்தப் பக்கமாக நடந்து போகும் ஒருவருக்கு, அங்கே அப்படி ஒன்று இருந்தது என்பதே தோன்றாது.

தெருவிளக்கின் கதை இந்த இடத்தில்தான் டிராமின் கதையோடு வந்து சேர்கிறது. சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலில் 1824ஆம் ஆண்டில் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவை தேங்காய் எண்ணெய் விளக்குகள். 1864ஆம் ஆண்டில் எரிவாயு விளக்குகள் வந்தன. அதற்கான எரிவாயு காலாங் ஆற்றங்கரையில் இருந்த ஆலையிலிருந்து குழாய்கள் வழியாக வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆலையை நகராட்சியே வாங்கி நடத்தத் தொடங்கியது.

நகராட்சியிடம் எரிவாயு இருந்தது; மின்சாரம் இல்லை. மின் நிலையம் ஒன்றைக் கட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. கொதிகலன்கள் வேண்டும், மின்னாக்கிகள் வேண்டும், அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். சில விளக்குகளுக்காக மட்டும் இவ்வளவையும் செய்வது கட்டுப்படியாகுமா? டிராம் நிறுவனத்தின் நிலைமையோ வேறு. மின்சாரம் இல்லாவிட்டால் அதன் வண்டிகள் ஓர் அடிகூட நகரமாட்டா. எனவே மின் நிலையத்தை அது கட்டியே ஆக வேண்டியிருந்தது. கட்டிய பிறகு, கூடுதலாகச் சிறிது மின்சாரத்தை உற்பத்தி செய்து விற்பது அதற்குக் கடினமில்லை.

அப்படியே நடந்தது. நகராட்சி டிராம் நிறுவனத்திடமிருந்து மொத்தமாக மின்சாரத்தை வாங்கியது. 1906ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தன. டிராம் ஓடத் தொடங்கி அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மாலையில் அந்த விளக்கின்கீழ் நின்ற ஒருவருக்கு, தமக்குமேல் எரியும் வெளிச்சமும் தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் வண்டியும் ஒரே இடத்திலிருந்துதான் சக்தியைப் பெறுகின்றன என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

எல்லாத் தெருக்களுக்கும் மின்விளக்கு உடனே வந்துவிடவில்லை. எரிவாயு விளக்குகள் மேலும் பல ஆண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. சொந்தமாக எரிவாயு ஆலை வைத்திருக்கும் நகராட்சி, காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்துக்கு அவசர அவசரமாக மாற வேண்டிய தேவை என்ன?

டிராமுக்குக் கிடைத்த வரவேற்போ அதை நடத்தியவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ரிக்‌ஷாக்கள் இன்னும் தெருக்களில் இருந்தன. 1920களில் இன்னொரு போட்டியும் வந்து சேர்ந்தது. ஏழு பேர் உட்காரக்கூடிய சிறிய மோட்டார் பேருந்துகளைச் சீன முதலாளிகள் பலர் ஓட்டத் தொடங்கினார்கள். நெரிசலுக்குள் புகுந்து புறப்பட்டு, நினைத்த இடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கியதால் அவற்றுக்குக் ‘கொசு பஸ்’ என்று பெயர் வந்தது. டிராமால் அப்படி வளைந்து போக முடியாது. தண்டவாளம் போகும் வழியில்தான் அது போகும். தண்டவாளங்களும் தேய்ந்து பழுதாகிவிட்டன. அவற்றைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதிக்கப் பெருந்தொகை தேவைப்பட்டது.

ஆகவே தண்டவாளமே தேவைப்படாத மின்சார வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுதான் டிராலி பஸ். 1926ஆம் ஆண்டில் அது ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டிராம் விடைபெற்றது.

டிராலி பஸ் பார்ப்பதற்குச் சாதாரணப் பேருந்து போலவே இருக்கும். ஆனால், அதன் கூரையிலிருந்து இரண்டு தண்டுகள் எழுந்து இரண்டு கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏன் இரண்டு? டிராலி பஸ்ஸின் சக்கரங்கள் ரப்பர் சக்கரங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கீழே தண்டவாளமும் இல்லை. மின்சாரம் வருவதற்கு ஒரு கம்பியும் திரும்பிப் போவதற்கு இன்னொரு கம்பியும் ஆக, இரண்டு கம்பிகளையும் மேலேயே கட்ட வேண்டியதாயிற்று. இதில் ஒரு வசதியும் இருந்தது. தண்டுகள் பக்கவாட்டில் திரும்பக்கூடியவை என்பதால், வண்டி சற்று ஒதுங்கிச் சாலையோரமாக நின்று பயணிகளை ஏற்றிக்கொள்ள முடிந்தது.

தொல்லையும் இல்லாமல் இல்லை. வளைவுகளில் திரும்பும்போது சில சமயம் தண்டு கம்பியிலிருந்து நழுவிவிடும். வண்டி அப்படியே நின்றுவிடும். யாராவது இறங்கி, நீண்ட கழியால் தண்டைப் பிடித்து மீண்டும் கம்பியில் பொருத்த வேண்டும். அதுவரை பயணிகள் காத்திருப்பார்கள். பின்னால் வரும் டிராலி பஸ்களும் காத்திருக்க வேண்டியதுதான். ஏனென்றால், ஒரே கம்பியில் ஓடும் டிராலி பஸ்கள் ஒன்றையொன்று முந்திச் செல்ல முடியாது. இந்த டிராலி பஸ்கள் சிங்கப்பூரில் 1962ஆம் ஆண்டு வரை ஓடின.

டிராமின் காலம் முடிந்த அதே வேளையில் நகராட்சிக்குச் சொந்தமான பெரிய மின் நிலையமும் வந்துவிட்டது. கெப்பல் துறைமுகத்தின் அருகே கட்டப்பட்ட செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் 1927ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கரியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குவதற்கும், இயந்திரங்களைக் குளிர்விக்கத் தேவையான நீரைக் கடலிலிருந்து எடுப்பதற்கும் அந்த இடம் வசதியாக இருந்தது. இனி மின்சாரத்துக்காக டிராம் நிறுவனத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. செயின்ட் ஜேம்ஸ் கட்டடம் இன்றும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆனாலும், நகரத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதும் எல்லாருக்கும் மின்சாரம் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ராஃபிள்ஸ் பிளேசில் மின்விளக்கு எரிந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், கம்பத்து வீடுகள் பலவற்றில் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில்தான் பாடம் படித்தார்கள். 1960களில் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்த பிறகே, கிராமப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பணி வேகம் பிடித்தது. நகரத்தில் வளர்ந்த பாட்டி ஒருவரும் கம்பத்தில் வளர்ந்த பாட்டி ஒருவரும் ஒரே வயதினராக இருக்கலாம். ஆனால், ‘வீட்டில் எப்போது விளக்கு எரிந்தது?’ என்ற கேள்விக்கு இருவரும் சொல்லும் பதில் ஒன்றாக இருக்காது. இருவர் சொல்வதும் உண்மையே.

இப்போது தாத்தாவிடம் திரும்பலாம். 1945ஆம் ஆண்டில் பிறந்தவருக்கு, டிராலி பஸ்கள் நின்றபோது பதினேழு வயது. பள்ளிக்கோ சந்தைக்கோ அவற்றில் பலமுறை போயிருப்பார். மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடிய வண்டியை அவர் ‘டிராம்’ என்று சொல்லிப் பழகியிருக்கலாம்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அவர் பிறந்து வளர்ந்த ஊர் எது? சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரைவிடப் பத்து ஆண்டுகள் முன்னதாக. அங்கே அது 1953ஆம் ஆண்டு வரை ஓடியது. சென்னையில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது பெற்றோருடன் கப்பலேறி இங்கே வந்தவர் என்றால், எட்டு வயதுக்குள் அவர் உண்மையான டிராமிலேயே ஏறியிருக்கக்கூடும். வண்டி சரிதான்; ஊர்தான் வேறு.

பினாங்கில் வளர்ந்தவராக இருந்தால்? ஜார்ஜ் டவுனிலும் டிராம் ஓடியது. ஆனால், அங்கே அது 1936ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. அது அவருடைய அம்மாவின் நினைவாக இருக்கலாமே தவிர, அவருடையதாக இருக்க முடியாது. வீட்டில் அடிக்கடி கேட்ட கதை, நாளடைவில் தாமே கண்டதுபோல் மனத்தில் பதிந்துவிடுவதும் உண்டு. ஜார்ஜ் டவுனில் 2004ஆம் ஆண்டில் சாலையைத் தோண்டியபோது, பழைய டிராம் தண்டவாளங்கள் வெளியே தெரிந்தன. பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் அவற்றில் ஒரு பகுதியை மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஆக, ‘நீங்கள் டிராமில் போனீர்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில் மட்டுமே கிடைக்கும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் உறுதி செய்ய முடியாது. ‘அப்போது எந்த ஊரில் இருந்தீர்கள்? எங்கே ஏறினீர்கள்? சாலையில் தண்டவாளம் இருந்ததா? வண்டி சாலை நடுவில் நின்றதா, ஓரமாக வந்து நின்றதா? கூரைக்கு மேலே எத்தனை கம்பிகள் இருந்தன?’ என்று கேட்டால் விவரம் வரும். ஒற்றைக் கம்பி என்றால் டிராம். இரட்டைக் கம்பி என்றால் டிராலி பஸ்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான் மக்களைச் சந்தித்து, அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் எடுத்த பேட்டிகளும் அவற்றில் உண்டு. ஆனால், அந்த நிலையத்தால் எல்லா வீடுகளுக்கும் போக முடியாது. டிராலி பஸ் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் நடத்துநரிடம் தாமே காசு நீட்டிச் சீட்டு வாங்கியவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். டிராமில் ஏறிய சிங்கப்பூரர்களிடம் கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. டிராலி பஸ்ஸில் ஏறியவர்களோ இன்னும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நழுவிய தண்டைக் கழியால் தூக்கி மாட்டியது யார், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, கம்பியில் தீப்பொறி பறந்ததா என்று அவர்களிடம் கேட்கலாம்.