இடைவெளி குறைகிறதா?

வறிய வட்டாரம் வளமிக்க வட்டாரத்தை எட்டிப் பிடிக்கிறதா என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஐரோப்பியச் சமூகம் 1989 முதல், தலைவீத உற்பத்தி தன் சராசரியில் 75 விழுக்காட்டிற்கும் குறைந்த வட்டாரங்களுக்கெனப் பெருநிதி ஒதுக்கி வந்துள்ளது. கணக்குப் பிழைத்தால் உதவி வேண்டுவோர்க்கு உதவி நின்றுபோகும். எனவே, இக்கணக்கின் போக்கை மொழித்துறையினராகிய நாமும் அறிந்துகொள்ளல் தகும்.

ராபர்ட் பாரோ, சேவியர் சாலா-இ-மார்ட்டின் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் பெரிதும் பேசப்படுபவை. அமெரிக்க மாநிலங்களின் தலைவீத வருமானத்தை 1880 முதல் எடுத்துக்கொண்டு, தொடக்க ஆண்டு வருமானத்தைக் கிடையச்சிலும் பிந்தைய வளர்ச்சி வீதத்தைக் குத்தச்சிலும் குறித்தனர். கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தது. அதாவது, ஏழை மாநிலங்களே விரைந்து வளர்ந்தன. இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவதாக அவர்கள் கணித்தனர். இவ்வேகத்தில் அது பாதியாவதற்கே ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறைக் காலம்! இதனைப் 'பீட்டா குவிதல்' என்பர்.

கோடு சாய்ந்தமையாலேயே மாநிலங்கள் யாவும் நெருங்கிவிட்டன எனக் கொள்ளலாமா? இங்கே ஒரு சொல்லின் வரலாறு நமக்குத் துணைபுரிகிறது. இக்கணக்கு முறைக்கு ஆங்கிலத்தில் 'ரெக்ரஷன்' என்று பெயர். தமிழில் 'தொடர்புப்போக்கு' என்றும் 'பின்னடைவு' என்றும் வழங்குவர். பின்னதே மூலத்துக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், மக்கள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டார். நெடிய பெற்றோரின் மக்கள் அத்துணை நெடியராக இல்லை. குட்டையான பெற்றோரின் மக்கள் சற்றே உயர்ந்திருந்தனர். சராசரியை நோக்கிய இம்மீட்சிக்கே அவர் அப்பெயரை இட்டார். அங்ஙனமாயின், சில தலைமுறைகளில் மாந்தர் அனைவரும் ஒரே உயரத்தினர் ஆகியிருத்தல் வேண்டுமே! ஆகவில்லை. ஒரு குடும்பத்தில் உயரம் குறைய, மற்றொன்றில் கூடுகிறது. உயரங்களின் பரவல் பழையபடியே நிற்கிறது.

மாநிலங்களுக்கும் இது பொருந்தும். நல்ல விளைச்சலால் ஓராண்டு மட்டும் மேலேறிய மாநிலத்திற்கு அவ்வாண்டையே தொடக்கமாகக் கொண்டால், அதன் பிந்தைய வளர்ச்சி மந்தமாகவே தோன்றும். மில்டன் பிரீட்மன் 1992இலும், டேனி குவா 1993இலும் இப்பிழையைச் சுட்டிக்காட்டினர். பரவலையே நேராக அளந்து பார்த்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பாரோவும் அவர்தம் துணைவரும் இதனை அறியாதவர் அல்லர். வருமானங்களின் திட்ட விலக்கத்தையும் அவர்கள் கணக்கிட்டு, அது சுருங்குதலைச் 'சிக்மா குவிதல்' என்றனர். பீட்டா இன்றிச் சிக்மா நிகழாது. பீட்டா இருந்தும் சிக்மா நிகழாமற் போகலாம். அமெரிக்காவில் 1880 முதல் 1920 வரை சுருங்கிய பரவல், 1920களில் விரிந்தது. வேளாண் விளைபொருள்களின் விலைவீழ்ச்சி, ஏழ்மையுற்றிருந்த உழவு மாநிலங்களையே பெரிதும் தாக்கிற்று. பின்னர் 1970களின் இடைப்பகுதி வரை சுருங்கி, 1980களில் மீண்டும் சற்றே விரிந்தது. நூறாண்டையும் ஒரே சாய்கோட்டில் அடக்கிப் பார்ப்பவர்க்கு இவ்வேற்றஇறக்கம் புலப்படுவதேயில்லை.