காபிக் குவளையில் ஒரு நலவியல் பாடம்

முன்னுரை

கொங்கு நாட்டு இல்லங்களில் விருந்தினர் வந்து அமர்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் "காபி வைக்கட்டுங்களா?" என்னும் அன்புக் குரல் அடுக்களையிலிருந்து எழுவது வழக்கம். கோவை மாநகரின் உணவகங்களிலோ 'டிபன் காபி' என்பது இரு சொற்களாக இல்லாமல் ஒரே சொல்லாகவே ஆகிவிட்டது. இவ்வாறு நம் வாழ்வோடு கலந்துவிட்ட பானத்தைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது.

நலவியல் என்றதும் நொதி, ஏற்பி, அரைவாழ்வு, உட்கிரகிப்பு என்னும் கலைச்சொற்கள் நம்மை அச்சுறுத்துகின்றன. தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்தும் விடுகிறோம். ஆயின் இக்கருத்துகள் யாவும் நாள்தோறும் நம் கையில் ஏந்தும் குவளைக்குள்ளேயே அடங்கியுள்ளன. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

கோவைக்குக் காபி வந்த வழி

காபி நம் மண்ணில் தோன்றியதன்று. எத்தியோப்பியாவின் மலைக்காடுகளே அதன் தாயகம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வணக்கத்தின்போது உறக்கம் மேலிடாதிருக்க இதனை அருந்தினர். 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே பல மொழிகளைக் கடந்து 'காபி' என நம்மிடம் வந்து சேர்ந்தது. பாபா புதன் என்னும் சூஃபி ஞானி ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது பதினேழாம் நூற்றாண்டைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காபிப் பயிரை அறிமுகம் செய்தார். பின்னர் நீலகிரியிலும் ஆனைமலையிலும் தோட்டங்கள் பெருகின. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861இல் கோவையில் காபிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கினார். அவரே 1888இல் கோவையின் பஞ்சாலைத் தொழிலுக்கும் வித்திட்டவர்களுள் ஒருவர். காபியும் பஞ்சாலையும் இந்நகரில் உடன்பிறந்தவை போல் வளர்ந்தன எனலாம். இரவு ஷிப்டில் கண்விழித்து நூல் நூற்ற தொழிலாளிக்குத் துணை நின்றதும் இப்பானமே. அது எவ்வாறு கண்விழிக்கச் செய்கிறது என்பதே நமது முதற் பாடம்.

பூட்டும் சாவியும்

காபியின் ஆற்றலுக்குக் காரணமான காஃபீன் என்னும் பொருளை 1819இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே பிரித்தெடுத்தார். அது நம் மூளையில் என்ன செய்கிறது? நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. நரம்புச் செல்களின் மீது அதற்கென அமைந்த பூட்டுகள் உள்ளன. அவற்றையே ஏற்பிகள் என்கிறோம். அடினோசினாகிய சாவி அப்பூட்டில் பொருந்தித் திரும்பும்போது, 'களைத்துவிட்டாய், உறங்கு' என்னும் செய்தி பிறக்கிறது. காஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்திருப்பதால் அது பூட்டினுள் நுழைந்துவிடுகிறது, ஆனால் திருப்புவதில்லை. உரிய சாவிக்கு இடமில்லாமற் போகிறது. மருந்தியலில் இதனைத் தடுப்பு வினை என்பர். இரத்த அழுத்தத்திற்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்துகள் பலவும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

இதிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. காபி களைப்பைப் போக்குவதில்லை. களைப்பைப் பற்றிய செய்தியைத் தடுத்து நிறுத்துகிறது. கடன் அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் மட்டும் கைக்கு வரவில்லை. காஃபீன் விலகியதும் காத்திருந்த அடினோசின் முழுதும் ஒருங்கே வந்து பற்றிக்கொள்கிறது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருந்து வடநாடு வரை லாரி ஓட்டிச் செல்லும் நம் பகுதி ஓட்டுநர்கள் இதனை அறிந்திருத்தல் உயிர்காக்கும் செய்தியாகும். வழியில் அருந்தும் ஒரு காபி சிறிது நேரத்திற்கு உதவும். உறக்கத்திற்கு ஈடு உறக்கம் ஒன்றே.

அரைவாழ்வு

உடலில் புகுந்த ஒரு பொருளின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரைவாழ்வு என்பர். காஃபீனைச் சிதைப்பது கல்லீரலிலுள்ள ஒரு நொதி. நலமுள்ள பெரியவர்க்குக் காஃபீனின் அரைவாழ்வு ஏறத்தாழ 5 மணி நேரம். மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபீன் கொண்ட காபியை அருந்துவதாகக் கொள்வோம். இரவு 11 மணிக்கு 50 மில்லிகிராமும், விடியற்காலை 4 மணிக்கு 25 மில்லிகிராமும் உடலில் எஞ்சியிருக்கும். மாலையில் குடித்த காபி விடியும்வரை நம்மோடு விழித்திருக்கிறது!

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னர் 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் குறைந்தது. தேர்வுக்காலத்தில் விடுதி மாணவர்கள் நள்ளிரவில் காபி அருந்திப் படிக்கின்றனர். படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்வது பெரிதும் உறக்கத்தில்தான். ஆதலின் உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குவது நட்ட வாணிகமே.

இந்த அரைவாழ்வு எல்லார்க்கும் ஒன்றன்று. புகைபிடிப்போர்க்கு அது குறைகிறது. கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் 10 மணி நேரத்திற்கும் மேலாக நீள்வதுண்டு. கருவிலுள்ள குழந்தைக்கோ காஃபீனைச் சிதைக்கும் நொதி இன்னும் வளரவில்லை. எனவேதான் நலமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கேடில்லை என்று கூறிய ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கருவுற்றோர்க்கு 200 மில்லிகிராம் என 2015இல் வரையறுத்தது. 'நான் எத்தனை காபி குடித்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை' என்னும் ஒருவரது பட்டறிவு மற்றொருவர்க்கு விதியாகாது என்பதே இதன் பாடம்.

பழக்கமும் தலைவலியும்

நாள்தோறும் பூட்டுகள் அடைபட்டிருக்குமாயின் மூளை புதிய பூட்டுகளைச் செய்துகொள்கிறது. முன்பு ஒரு குவளை தந்த ஊக்கத்திற்கு இப்போது இரண்டு தேவைப்படுகின்றன. திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தோன்றுகின்றன. ஏகாதசி விரதமிருப்போர்க்கும், இரமலான் நோன்பின் முதற் சில நாள்களில் நோன்பாளிகளுக்கும் வரும் தலைவலியில் இதற்கும் பங்குண்டு. அது பசியால் மட்டும் விளைவதன்று. நோன்புக்கு ஒரு வாரம் முன்னரே காபியின் அளவைப் படிப்படியாகக் குறைத்துவந்தால் இத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

டிபனும் காபியும்

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரு பெண்களில் ஒருவர் என்பது இதன் பொருள். நம் தாயும் தமக்கையும் தங்கையும் இக்கணக்கில் அடங்குவர். மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, வகுப்பில் கவனமின்மை, பேற்றின்போது உயிருக்கே ஏதம் என இதன் விளைவுகள் பல. காரணங்களும் பலவே, எனினும் இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் முதன்மையானது.

உண்ணும் உணவில் இரும்பு இருந்தால் மட்டும் போதாது. அது குடலிலிருந்து குருதிக்குச் செல்லவேண்டும். இதுவே உட்கிரகிப்பு. கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் ஏற்பது இயல்பாகவே குறைவு. காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் அந்த இரும்பைக் குடலிலேயே பற்றிப் பிணைத்துக் கழிவோடு சேர்த்துவிடுகின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு அருந்திய ஒரு குவளைக் காபி இரும்பின் உட்கிரகிப்பை 39 விழுக்காடு குறைத்தது. தேநீரோ 64 விழுக்காடு குறைத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர் காபி அருந்தியபோது குறைவு ஏதும் இல்லை. உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்தியபோதோ, உடன் அருந்தியதற்கு நிகரான குறைவே காணப்பட்டது.

இட்லி உண்டதும் காபி என்னும் நம் வழக்கத்தை இக்கண்டுபிடிப்போடு ஒப்பிட்டு நோக்குக. காபியைக் கைவிட வேண்டுவதில்லை. வரிசையை மாற்றினாலே போதும். விடியலில் எழுந்ததும் காபியை அருந்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டிபன் உண்பது நன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளும் உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காபி, தேநீர் அருந்தலாகாது என்றே வலியுறுத்துகின்றன. உண்டபின் அருந்துவோர் அதனினும் மிகுதியாகப் பொறுப்பது நலம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் தரும் வைட்டமின் சி, இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும்.

பள்ளியிலும் மகப்பேறு நிலையத்திலும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். வெறும் வயிற்றில் உட்கொள்ளவேண்டிய தைராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும். அதனைத் தண்ணீரோடு மட்டுமே விழுங்கவேண்டும்.

ஆற்றிக் குடித்தல்

1991இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காபி காரணமாகலாம் என ஐயுற்றது. 2016இல் 23 அறிவியலார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை மீண்டும் ஆராய்ந்து அவ்வையத்தை நீக்கினர். காபி மிகுதியாக அருந்துவோரில் பலர் புகைபிடிப்போராகவும் இருப்பின், புகையின் குற்றம் காபியின் மேல் ஏறிவிடுதல் கூடும். இரண்டு நிகழ்ச்சிகள் உடன் நிகழ்வதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. காபி அருந்துவோர்க்கு நீரிழிவு குறைவாகக் காணப்படுகிறது என்னும் இனிய செய்தியையும் இதே எச்சரிக்கையோடுதான் ஏற்கவேண்டும்.

அதே 2016இல் அம்முகமை வேறொன்றைக் குறிப்பிட்டது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் எப்பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்பதே அது. காய்ச்சல் காலத்தில் நாம் பருகும், காபித்தூளே இல்லாத சுக்குக் காபிக்கும் இது பொருந்தும். தம்ளரிலிருந்து டபராவுக்கு உயர்த்தி ஊற்றும்போது பானம் மெல்லிய தாரையாகிக் காற்றில் பெரும்பரப்பில் படுகிறது. அதனால் சூடு விரைந்து தணிகிறது. நம் முன்னோர் நுரைக்காகச் செய்தனரோ, நாவுக்காகச் செய்தனரோ, 'ஆத்திக் குடிங்க' என்னும் பாட்டியின் சொல் அறிவியலுக்கு உடன்பட்டதே.

அளவும் சர்க்கரையும்

அதே இந்திய நெறிமுறைகளின்படி 150 மில்லிலிட்டர் வடிகாபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. மூன்று குவளைக்குள் நிற்பதே தகும் என்பது எளிய கணக்கு. சிக்கரி கலந்த தூளில் அதன் பங்குக்கு ஏற்பக் காஃபீன் குறையும். சிக்கரி வேரில் காஃபீன் கிடையாது.

சர்க்கரையையும் எண்ணிப் பார்ப்போம். குவளைக்கு 10 கிராம் வீதம் நான்கு குவளையில் 40 கிராம் சேர்கிறது. 2000 கலோரி உணவுக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையாயினும் பனங்கருப்பட்டியாயினும் இக்கணக்கிலிருந்து விலக்குப் பெறுவதில்லை.

முடிவுரை

திருவள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரமே வகுத்து, அளவறிந்தும் காலமறிந்தும் உண்பதையே அதன் பெரும்பகுதியில் வற்புறுத்தினார். இன்றைய நலவியல் காபியைப் பற்றிக் கூறுவதும் அவ்விரண்டே: எவ்வளவு, எப்போது. மாலைக்குப் பின் தவிர்த்தல், உணவினின்று விலக்கி அருந்துதல், ஆற்றிப் பருகுதல், சர்க்கரையைக் குறைத்தல் ஆகிய இந்நான்கிற்கும் பணம் செலவில்லை. மருத்துவர் சீட்டும் தேவையில்லை. கல்லூரியில் கற்றதை இல்லத்து அடுக்களைக்குக் கொண்டு சேர்ப்பது மாணவர்களாகிய நம் கடமை. நம் வீட்டுப் பெண்கள் டிபனுக்கும் காபிக்கும் இடையே ஒரு மணி நேரம் விடத் தொடங்கினால், நாம் கற்ற கல்வி பயன்பட்டதாகும்.