உஷார்! ரோலர் துடைக்கும் கேனில் என்ன இருக்கிறது?

சிவகாசி அச்சாபீசுகளில் வேலை பார்க்கும் தம்பிகளே, அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் அம்மாக்களே, ஒரு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் மார்கழி வரை மெஷின் ஓயாது. நம்மூரில் ஆபத்து என்றதும் பட்டாசுதான் ஞாபகம் வரும். அது வெடித்தால் ஊருக்கே கேட்கும். இந்தத் தின்னர் கேன் சத்தமே போடாது!

தெரிந்த பையன் ஒருவன், ஆப்செட் மெஷினில் ஹெல்பர். கலர் மாற்றும்போதெல்லாம் பனியன் வேஸ்டைத் தின்னரில் நனைத்து ரோலரையும் பிளாங்கெட்டையும் துடைப்பான். வெறும் கை. காகிதம் பறக்குமென்று ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். சாயங்காலமானால் தலைவலி, கிறுகிறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெளிந்துவிடும். “வெயில்ல அலையிறான், தூக்கமுமில்ல” என்று அவன் அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். ஒரு ராத்திரி பைக்கில் வரும்போது கண் இருட்டி விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் “பிரஸ்ல வேலை” என்றான். தின்னர் பேச்சே எழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கவனியுங்கள்! லீவில் விட்டு, வேலைக்குப் போனதும் திரும்புகிற தலைவலி என்றால் முதலில் கேனைச் சந்தேகப்படுங்கள்.

நம்மூருக்குக் குட்டி ஜப்பான் என்று பேர். அசல் ஜப்பானில், ஒசாகா அச்சகம் ஒன்றில் இதே மாதிரி மை துடைத்தவர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் வெளியே தெரிந்தது. வயசானவர்களுக்கே அபூர்வமாக வரும் நோய். அங்கே வந்ததோ இளவட்டங்களுக்கு! காற்றோட்டமில்லாத அறையில் அவர்கள் துடைத்தது டைகுளோரோபுரோப்பேன், டைகுளோரோமீத்தேன் கொண்டு. முன்னது புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014இல் உறுதி செய்தது. பின்னது விமானத்தின் பழைய பெயின்டை உரிக்கிற சரக்கு. உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்கா 2024இல் அதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை போட்டுவிட்டது.

உங்கள் கேனிலும் அதுவேதான் என்று சொல்லவில்லை. என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? லேபிள் இல்லாத கேனுக்குப் பயப்படுங்கள். தின்னர் என்பது ஒரே பொருள் இல்லை, கலவை. டொலுவீன் இருக்கலாம், ஹெக்சேன் இருக்கலாம். ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும். கால்விரல் மதமதத்து, செருப்பு நழுவினாலும் தெரியாது.

வாசனை பழகிப்போச்சா? மூக்கு மரத்துப்போச்சு என்று அர்த்தம், எய்யா! கர்ச்சீப் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வாகத் தேங்கும். மேலே சுற்றும் ஃபேன் அதை அறைக்குள்ளேயேதான் சுழற்றும். வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட்டை முதலாளியிடம் கேளுங்கள். நனைந்த வேஸ்டை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். டீக்குப் போகுமுன் தின்னரிலேயே கை கழுவுகிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள்!

கண் மஞ்சளித்தாலோ, மூத்திரம் கறுத்து இறங்கினாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ நாட்டு மருந்தோடு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கேன் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.