உங்களுக்குத் தெரியுமா? ஆறு கல்லில் பிறந்த ஆவோ நாகாக்கள்!

நாகாலாந்தின் ஆவோ நாகாக்களிடம் "உங்க ஆதி முப்பாட்டன் எங்கே பிறந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். கல்லைக் காட்டுவார்கள்!

அந்த இடத்துக்குப் பெயர் லோங்ட்ரோக். 'லோங்' என்றால் கல். 'ட்ரோக்' என்றால் ஆறு. அந்த 6 கற்களிலிருந்து 3 ஆண்களும் 3 பெண்களும் வெளியே வந்தார்களாம். கணக்கு எவ்வளவு கச்சிதம், பார்த்தீர்களா!

டோங்போக், லோங்போக், லோங்ஜக்ரெப். இவர்கள்தான் அந்த மூன்று ஆண்கள். ஆளுக்கொரு சகோதரி. கூடப் பிறந்தவளைக் கட்ட முடியாதே? ஒருவர் சகோதரியை இன்னொருவர் கட்டிக்கொண்டார்! உலகின் முதல் 'பெண் கொடுத்துப் பெண் எடுத்த' சம்பந்தம் இதுதானோ?

பொங்கென், லோங்குமெர், ஜமீர். அந்த மூவரின் வழிவந்த குலங்கள் இவை. நாகாலாந்தின் முன்னாள் முதல்வர் எஸ்.சி. ஜமீர் நினைவிருக்கிறதா? அவர் பெயரின் வால் அந்தக் கல்லில் முளைத்தது!

கல்லை விட்டு வந்தவர்கள் முதன்முதலாகக் குடியேறிய ஊர் சுங்லியிம்டி. இப்போது அது ஆவோக்களின் மோகோக்சுங் மாவட்டத்தில் இல்லை! பக்கத்து டுவென்சாங் மாவட்டத்தில், சங்டம் நாகாக்களின் பகுதியில் இருக்கிறது. பூர்வீக வீடு இன்னொருவர் கையில்!

அங்கிருந்து டிக்கு ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் 'ஆவோர்'. வராமல் நின்றுவிட்டவர்கள் 'மெரிர்'. ஓர் ஆறு ஓர் இனத்துக்கே பெயர் வைத்துவிட்டது! ('ஆவோர்' என்றதும் நம் தமிழாக்கும் என்று துள்ளாதீர்கள். நானும் துள்ளி அடங்கியவன்தான்!)

எழுத்து? அதுவும் இருந்ததாம்! தோலில் எழுதிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். நாய் இழுத்துத் தின்றுவிட்டது! மிச்சம் ஓர் எழுத்துகூட இல்லை. பிறகு அமெரிக்க மிஷனரி இ.டபிள்யூ. கிளார்க் ஆவோ மொழிக்கு ரோமன் எழுத்தில் அகராதியே போட்டார். வெளிவந்த ஆண்டு 1911. அதை எந்த நாயும் தின்னவில்லை!

ஆவோக்களின் கதை கால்பந்துக் களத்துக்கும் நீள்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி முதல்முறையாக ஒலிம்பிக் களத்தில். பல வீரர்களின் காலில் பூட்ஸே கிடையாது! எதிரே பிரான்ஸ். தோற்றது வெறும் 1-2 என்ற கணக்கில்! இந்தியாவின் கேப்டன் யார்? டாக்டர் டாலிமெரன் ஆவோ. ஆற்றைத் தாண்டி வந்த கூட்டத்தின் பிள்ளை, இந்த முறை கடலையே தாண்டிவிட்டார்!