குறுவட்டம் முதல் தேசியம் வரை: நம்ம பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி எப்படி நடக்கிறது?



ஆடிக்காற்று ஆரம்பித்ததும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் விசில் சத்தம் கேட்கும். சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, என்னை ஜோனுக்கு எடுத்திருக்காங்க, இதில கையெழுத்துப் போடு" என்று ஒரு தாளை நீட்டும். நாம் அடுப்படியில் இருந்தபடியே, "ஜோன்னா என்ன கண்ணு?" என்று கேட்போம். பிள்ளைக்கும் முழுசாகச் சொல்லத் தெரியாது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நாமும் மறந்துவிடுவோம்.

கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது. "ஏனுங்க, ஓடறதும் குதிக்கறதும் சோறு போடுமுங்களா?" போடுமா போடாதா என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்தப் போட்டி எப்படி நடக்கிறது, எந்தெந்த இடத்தில் நம்ம கையெழுத்தும் நம்ம சம்மதமும் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்வோம். ஏனென்றால் நிறையப் பெண் பிள்ளைகள் மைதானத்தில் தோற்று வெளியே வருவதில்லை. வீட்டு வாசலிலேயே நின்று போகிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிக்குப் படிகள் உண்டு. முதல் படி பள்ளிக்குள்ளேயே நடக்கும் தேர்வு. அடுத்தது குறுவட்டம். இதைத்தான் பிள்ளைகள் 'ஜோன்' என்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு குறுவட்டம் ஆக்கியிருப்பார்கள். அதற்கு மேல் வருவாய் மாவட்ட அளவு. கோவை என்றால் கோவை மாவட்டம் முழுவதும், ஈரோடு என்றால் ஈரோடு மாவட்டம் முழுவதும். அதற்கும் மேல் மாநில அளவு. குழு விளையாட்டுகளில் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில் சில மாவட்டங்களைச் சேர்த்து மண்டல அளவில் ஒரு சுற்று வைப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் தேசிய அளவு.

குடியரசு தின விழா விளையாட்டுப் போட்டி, பாரதியார் தின விழா விளையாட்டுப் போட்டி என்று இவற்றுக்குப் பெயர். பெயரைப் பார்த்துவிட்டு ஜனவரி 26-ஆம் தேதியும் டிசம்பர் 11-ஆம் தேதியும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணியிலேயே ஆரம்பித்துவிடும்.

வயதுப் பிரிவு மூன்று. 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம்ம பக்கம் பிள்ளையைச் சீக்கிரம் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்த வீடுகள் இருக்கின்றன. அப்படி எழுதிய தேதி பள்ளிப் பதிவேட்டில் நின்றுவிடும். அந்தப் பிள்ளை உண்மையில் 13 வயதாக இருந்தும், தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு 17 வயதுப் பிரிவில் ஓட வேண்டி வரும். அந்த வயதில் ஒரு வருட வளர்த்தி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. பிறப்புச் சான்றில் ஒரு தேதியும், பள்ளியில் ஒரு தேதியும், ஆதாரில் வேறொரு தேதியும் இருந்தால் மேலே போகப் போகச் சிக்கல் கூடும். தேசிய அளவில் டாக்டரை வைத்து வயதைச் சோதிப்பதும் உண்டு. ஆகவே மூன்றையும் எடுத்துப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் பத்தாம் வகுப்புக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சரிசெய்யப் பாருங்கள். கபடி போன்ற ஆட்டங்களில் வயதோடு எடையும் பார்ப்பார்கள்.

குறுவட்டப் போட்டி நாள் எப்படி இருக்கும்? ஏதாவது ஒரு பள்ளி பொறுப்பு எடுத்து நடத்தும். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர்தான் அமைப்பாளர். மற்றப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களும் டீச்சர்களும் நடுவர்களாக இருப்பார்கள். காலையில் பிள்ளைகளுக்கு மார்பில் குத்திக்கொள்ள எண் கொடுப்பார்கள். 100 மீட்டருக்கு நாற்பது பேர் வந்துவிட்டால் எட்டு எட்டுப் பேராக ஓடவிட்டு வடிகட்டுவார்கள். அதை 'ஹீட்ஸ்' என்பார்கள். கடைசியாகத் தேறியவர்கள் மட்டும் இறுதி ஓட்டம் ஓடுவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும்போது பிள்ளை அங்கே இல்லாவிட்டால் அவ்வளவுதான், அந்த வருடம் முடிந்தது. மதியம் தூக்குப்போசியில் இருக்கும் தயிர்சோற்றை வயிறு நிறையத் தின்றுவிட்டு 800 மீட்டர் ஓடப் போய், பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளை எல்லா வருடமும் பார்க்கலாம். காலையில் நன்றாகச் சாப்பிடட்டும். ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு பழமோ கடலை மிட்டாயோ போதும்.

ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் தனி ஆள் போட்டி. முதல் ஒன்றிரண்டு இடம் வந்தால்தான் அடுத்த படி. கபடி, கோ-கோ, கைப்பந்து, கூடைப்பந்து, எறிபந்து இவற்றில் பள்ளி அணியாகப் போக வேண்டும். பெரும்பாலும் 'நாக் அவுட்' முறைதான். அதாவது ஒரு தடவை தோற்றால் வெளியே. 16 அணி வந்தால் முதல் சுற்றில் 8 அணி போய்விடும், அப்புறம் 4, அப்புறம் 2, கடைசியில் ஒன்றுதான் நிற்கும். மொத்தம் 15 ஆட்டத்தில் வேலை முடிந்துவிடும். ஒரே நாளில் நடத்தி முடிக்க வேண்டும் என்பதால் இந்த முறை. 13 அணிதான் வந்திருக்கிறது என்றால் சீட்டுக் குலுக்கி 3 அணியை முதல் சுற்றில் ஆடாமலே மேலே ஏற்றுவார்கள். இதற்கு 'பை' என்று பெயர். விவரம் தெரியாமல், "அந்தப் பள்ளிக்கு மட்டும் சலுகை காட்டறாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது சலுகை இல்லை, கணக்கு.

குறுவட்டத்தில் ஜெயித்தாகிவிட்டது. அடுத்தது மாவட்டம். இங்கேதான் நம்ம பிள்ளைகளில் பலர் நின்றுவிடுகிறார்கள். குறுவட்டம் என்றால் பக்கத்து ஊர், காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம். மாவட்டம் என்றால் விடியற்காலை பஸ். வால்பாறை எஸ்டேட்டிலிருந்தோ ஆனைகட்டி மலையிலிருந்தோ கோவைக்கு வர வேண்டும் என்றால் நினைத்துப் பாருங்கள். மாநிலம் என்றால் வேறு மாவட்டத்தில் இரண்டு, மூன்று ராத்திரி தங்க வேண்டும். "பொட்டப் புள்ளைய எப்படிங்க அனுப்பறது?" என்ற பேச்சு வீட்டில் வரும். மாமியார் சொல்வார், பெரியப்பா சொல்வார். பயப்படுவதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பயந்து வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பு, பள்ளிக்குப் போய்க் கேட்டு வரலாம் அல்லவா?

பெண் பிள்ளைகள் அணியோடு ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும். யார் போகிறார், அவர் போன் நம்பர் என்ன, எங்கே தங்கல், அங்கே கழிப்பறையும் கதவுத் தாழ்ப்பாளும் சரியாக இருக்கிறதா, சாப்பாடு யார் பொறுப்பு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், பஸ் நிலையத்துக்கு யார் கூட்டி வருவார் என்று கேளுங்கள். இவ்வளவும் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கிறார்களே என்று நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரே ஊரிலிருந்து மூன்று பிள்ளைகள் போனால் அம்மாமார்களில் ஒருவர் துணைக்குப் போவதும் நடக்கிற காரியம்தான். குழுவில் பேசி முறை வைத்துக்கொள்ளலாம். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவு கொடுப்பது வழக்கம். அதையும் வகுப்பு ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. மாதவிலக்கு நாளில் ஓடலாமா? தாராளமாக ஓடலாம். தாங்க முடியாத வலியோ, அதிக இரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் ஓய்வும் டாக்டரும் தேவை. பையில் நாப்கினும் மாற்று உடையும் வைத்து அனுப்புங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இரத்தசோகைதான். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியாக எறிகிறதா என்று விசாரியுங்கள். ராகிக்களியும் கீரையும் முட்டையும் இருந்தால் எந்த டப்பா மாவும் வாங்க வேண்டாம்.

இன்னொரு மாற்றமும் மாவட்ட அளவில் வரும். ஊரில் மண் தரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை, கோவை நேரு விளையாட்டரங்கத்தின் செயற்கை ஓடுதளத்தில் நின்றதும் மிரண்டுவிடும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஆணி வைத்த ஷூ போட்டிருக்கும். அந்த 'ஸ்பைக்ஸ்' ஷூ வாங்க நம்ம வீட்டில் அப்போது கையில் பணம் இருக்காது. குழுவில் உள்கடன் எடுத்துப் பால்மாடு வாங்குகிறோம், தையல் மிஷின் வாங்குகிறோம். பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்குவதற்கும் தீர்மானம் போட்டுக் கொடுக்கலாம். புது ஷூவைப் போட்டி நாளன்று முதல் தடவையாகப் போடக் கூடாது. கால் கொப்பளித்துவிடும்.

இனி தேசிய அளவு. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு என்று ஓர் அமைப்பு 1954-இல் ஆரம்பிக்கப்பட்டது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது அதுதான். அதில் ஒவ்வொரு மாநிலமும் ஓர் அணி அனுப்பும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் எல்லாம் தனித்தனி அணியாக வரும். அந்தப் பள்ளிகளுக்குக் கீழ்ப் படிகளும் தனி.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தேசிய அளவுக்கு நம்ம ஊர்ப் பள்ளி அணி அப்படியே போகாது. தமிழ்நாடு அணிதான் போகும். அந்த அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வுப் போட்டி வைத்து, எந்தப் பள்ளியாக இருந்தாலும் நன்றாக ஆடும் பிள்ளையை எடுப்பார்கள். ஆகவே பள்ளி அணி மாவட்டத்தில் தோற்றுவிட்டாலும் பிள்ளையின் கதை முடிந்துவிடவில்லை. "தேசியப் போட்டிக்குத் தேர்வு எப்போது, எங்கே?" என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வைக்க வேண்டும். ஆசிரியருக்கே சுற்றறிக்கை கடைசி நேரத்தில் வந்து சேர்வது உண்டு. மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் என்று ஓர் அலுவலர் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடமும் கேட்கலாம்.

பள்ளித் துறைப் படி ஒன்றுதான் வழி என்று இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முதலமைச்சர் கோப்பைப் போட்டி நடத்துகிறது. பள்ளிப் பிரிவில் 12 முதல் 19 வயது வரை கலந்துகொள்ளலாம். மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடம் வந்தவர்களுக்கு 2024-இல் 1 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா போட்டி 2018-இல் பள்ளி விளையாட்டாகத் தொடங்கி, 2019 முதல் இளைஞர் விளையாட்டு என்று பெயர் மாறியது. 2024 ஜனவரியில் அது தமிழ்நாட்டில் நடந்தது. சென்னை, மதுரை, திருச்சியோடு நம்ம கோவையிலும் ஆட்டங்கள் நடந்தன. தமிழ்நாடு இரண்டாம் இடம் பிடித்தது.

ஆணையம் விளையாட்டு விடுதிகளும் நடத்துகிறது. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கத் தேர்வு நடக்கும். தங்கல், சாப்பாடு, பயிற்சி இலவசம். கோடை விடுமுறையை ஒட்டிப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் விவரம் கிடைக்கும். கோவைக்கு அவர் அலுவலகம் நேரு விளையாட்டரங்கத்தில்தான் இருக்கிறது.

கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் என்ற இரட்டைச் சகோதரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பா டிரைவர். இருவரும் ஈரோட்டில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெண் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக வெளியூருக்கு அனுப்பிய வீடு அது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் வித்யா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடினார். 1984 ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம். 39 வருடமாக யாரும் தொடாத தேசிய சாதனை அது. இறுதி ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளியும் வாங்கினார். திருப்பூர் மாவட்டத்து கிராமத்துப் பையன் தருண் அய்யாசாமி அதே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியவர்.

எல்லாப் பிள்ளையும் அந்த உயரத்துக்குப் போகாது. அப்படி எதிர்பார்த்துப் பிள்ளையை வதைக்கவும் கூடாது. ஆனால் நடுவில் நின்றாலும் பலன் உண்டு, அதுதான் "சோறு போடுமா" என்ற கேள்விக்குப் பதில். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பல கலைக் கல்லூரிகள் நல்ல விளையாட்டுக்காரருக்குக் கட்டணம் வாங்காமலே இடம் கொடுக்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். எந்த அளவில் கலந்துகொண்டார் என்பதற்குத் தக்கபடி மதிப்பெண். தேசிய அளவில் தமிழ்நாட்டுக்காக ஆடிய பிள்ளைக்கு அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. உரிய அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் அது செல்லாது.

நம்ம வீட்டில் சான்றிதழ் எங்கே இருக்கிறது? ஓட்டுச் சந்தில், அரிசிப் பானைக்குப் பின்னால், இல்லை என்றால் கரையான் வயிற்றில். குழுவின் தீர்மானப் புத்தகத்தை எப்படி வைக்கிறோமோ அப்படி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பள்ளியில் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே பெயர், இனிஷியல், பிறந்த தேதி, வயதுப் பிரிவு, போட்டி நடந்த தேதி எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் ஊக்குநரிடம் காட்டுங்கள். தப்பு இருந்தால் அந்த வாரமே போய் மாற்ற வேண்டும். அடுத்த வருடம் போட்டி நடத்தும் பொறுப்பு வேறு பள்ளிக்குப் போய்விட்டால், பழைய பதிவேட்டைத் தேடி யாரிடம் போய் நிற்பது என்றே தெரியாது.