நாரைகளாய்ப் போனவர்கள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு வடதேசத்துப் பறவைகள் வந்து சேரும். வானத்திலே வரிசையாக வரும் பறவைகளைக் கண்டு, போரில் மடிந்தவர்களை நினைத்தார் ஒரு கவிஞர். அவரே ரசூல் கம்சாதவ். தாகெஸ்தான் மலைநாட்டில் ஒரு சிறு கூட்டத்தார் பேசும் அவார் மொழியிலே எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் தமது இரு சகோதரர்களை இழந்தவர். ஹிரோஷிமாவில் கண்ட காகித நாரைகளும் அவர் நெஞ்சைத் தொட்டன.

போர்க்களத்தில் வீழ்ந்தோர் மண்ணுக்குள் போகவில்லை, வெண்ணாரைகளாகிப் பறக்கின்றனர் என்பதே 'நாரைகள்' என்ற அக்கவிதையின் கருத்து. நவூம் கிரெப்னெவ் அதனை ருஷ்ய மொழியில் தந்தார். அதில் மலைநாட்டுக் குதிரை வீரர்களைக் குறிக்கும் சொல் இருந்தது. நடிகரும் பாடகருமான மார்க் பெர்னஸ் அதனைப் 'போர்வீரர்கள்' என மாற்றும்படி கேட்டார். அந்த ஒரு சொல்லால் ஒரு மலைநாட்டின் துயரம் எல்லோருடைய துயரமும் ஆயிற்று. யான் பிரெங்கெல் இசையமைத்தார். பெர்னஸ் குரல்வளம் மிக்கவர் அல்லர். பேசுவது போலவே பாடுவார். கடும் நோயுடன் 1969இல் இதனை ஒலிப்பதிவு செய்தவர், அவ்வாண்டு ஆகஸ்டிலே காலமானார்.

இத்தகைய மெல்லிசைப் பாடலை ஒப்பெரா மேடையின் பெருங்குரல் பாடினால் என்னவாகும்? எளிமை கெட்டுவிடாதா? சைபீரியாவின் கிரஸ்னயார்ஸ்க் நகரில் பிறந்து, 1989இல் கார்டிப் நகரில் நடந்த உலகப் பாடகர் போட்டியில் வென்றவர் திமித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி. சோவியத் போர்க்காலத்தை நினைவூட்டும் பாடல்களை அவர் பாடிய இசைத்தட்டு 2003இல் வெளிவந்தது. 'என் சகோதரர்களே, நீங்கள் எங்கே?' என்பது அதன் பெயர். 'நாரைகள்' பாடலையும் அவர் பாடியுள்ளார். அதிலே அவர் தமது வித்துவத்தைக் காட்ட முயலவில்லை. பாடலில் சொல்லின்றி ஒலிக்கும் பகுதி நமது ஆலாபனையை ஒத்தது. அங்கே அவரது நீண்ட மூச்சு பறவை வரிசை போலத் தொலைவுக்குச் செல்கிறது. பயிற்சி பெற்ற குரல் அழுவதில்லை. நம்மை அழ விடுகிறது. அவரும் 2017இல், 55 வயதில் மறைந்தார்.

பறக்கும் வரிசையில் ஓர் இடைவெளி தெரிகிறது. அது தனக்குரிய இடமோ எனப் பாடுபவன் எண்ணுகிறான். பாடிய இருவருமே இன்று இல்லாத நிலையில், அவ்விடத்தைக் கேட்கும்போது மனம் நடுங்குகிறது.

வைகாசியிலே நம் ஊர்களில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுகிறோம். மதுரையை எரித்தவளின் சினத்தைப் பாட்டால் ஆற்றுகிறோம். போனவர் திரும்பாத வீடுகள் வாவியின் இரு கரைகளிலும் உண்டு. அவ்வீடுகளுக்குப் பெருமுழக்கம் வேண்டியதில்லை. இந்த ருஷ்யப் பாடலைப் போல, அடங்கிய குரலில் ஒரு குளிர்த்தியே வேண்டும்.